காணாமல் போன விசில்

ஜூன் 4, ஞாயிறு

பேரிங் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. ஐந்து மாதமாகப் பீரோவில் சும்மா கிடந்தது. காருக்குச் செய்கிற வேலைகளை மட்டும் இதில் எழுதுவதாக உத்தேசம். வீட்டுக் கதை, கம்பெனிக் கதை எதுவும் கூடாது.

கார் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. ஐம்பது வயது வரை மொபெட்டில் போனவன், வாங்கினால் டர்போ வைத்த ஹேட்ச்பேக்தான் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கினேன். எஞ்சின் விடுகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னக் காற்றாடி சுற்றும். அது வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். அதுதான் டர்போ. அப்படிச் சுற்றும்போது ஊசி முனை போல ஒரு விசில் வரும். இந்தக் காரை நான் வாங்கியதே அந்த விசிலுக்காகத்தான். மைலேஜுக்காக என்று மனைவி வளர்மதியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு அப்புறம் அந்த விசில் தேய்ந்துகொண்டே வந்தது. இப்போது சுத்தமாக இல்லை. இன்று ஆனைகட்டி ரோட்டில் மாங்கரை தாண்டி மேடு ஏறும்போது இரண்டாம் கியரில் மிதித்துப் பார்த்தேன். வண்டி போகிறது, விசில் வரவில்லை.

என் காதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கணபதியில் ஒரு பம்பு கம்பெனியில் இருபத்தேழு வருடமாக டெஸ்ட் பெஞ்சில் நிற்கிறேன். ஓடுகிற பம்பின் மேல் ஒரு தேக்குக் குச்சியை ஊன்றி, மறுமுனையைக் காதோர எலும்பில் அழுத்தினால், உள்ளே பேரிங் நல்லதா கெட்டதா என்று பத்து விநாடியில் சொல்லிவிடுவேன். நல்லதென்றால் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பேன். அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு பம்பும் கேட்டைத் தாண்டாது. சென்னியப்பன் என்ற என் பெயர் கம்பெனியில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் ‘காதுக்கார சார்’. அப்படிப்பட்டவனுக்கு ஒரு விசில் போனது தெரியாதா?

என் தீர்ப்பு: எஞ்சினுக்கு மூச்சு முட்டுகிறது. காற்று உள்ளே போகிற வழியைச் சரிசெய்ய வேண்டும். ஏர் பில்டர் டப்பாவைத் திறந்தேன். ஒரு கைப்பிடி செம்மண், காய்ந்த வேப்பிலை, ஒரு பல்லி முட்டை ஓடு. தட்டிச் சுத்தம் செய்து மாட்டினேன்.

வளர்மதி சமையல்கட்டில் இருந்து எதையோ கேட்டாள். கொஞ்ச நாளாக இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசுகிறாள். முகத்தைப் பார்த்துப் பேசு என்றால் கோபம் வருகிறது.

ஜூன் 8, வியாழன்

புதுப் பேப்பர் பில்டர் வாங்கி மாட்டியாயிற்று. விசில் இல்லை.

கம்பெனியில் ஒரு சின்ன விஷயம். நான் வைத்த பச்சைப் புள்ளிக்குப் பக்கத்தில் கடுகளவு இன்னொரு புள்ளி இருக்கிறது. குடோனில் நாலைந்து பம்பில் பார்த்தேன். பெயிண்டை இப்படிச் சிந்தினால் மார்க்குக்கு என்ன மரியாதை? பேக்கிங் பார்க்கிற ரோஸ்லினிடம் சத்தம் போட்டேன். இருபது வருடமாகப் பக்கத்து மேஜையில் இருக்கிறவள்.

"பிரஷ்ஷு சரியில்லீங் சார், மாத்திடறேன்" என்றாள்.

கார் விஷயம் மட்டும் என்று எழுதிவிட்டு இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

சரவணம்பட்டியில் ஜாபரின் பட்டறைக்குப் போனேன். ரேஸ் ஓட்டுகிற பையன்களின் வண்டிகளை முடுக்கிவிடுகிறவன். முப்பத்தைந்து வயதுக்கு நல்ல கை. என் வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான்.

"நல்லாத்தானுங்ணா இழுக்குது. விசிலும் கேக்குதுங்களே?"

"அது வெறும் காத்துச் சத்தம் ஜாபர். விசில் வேற."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தாடியைச் சொறிந்துகொண்டு, "செரி, உங்க திருப்திக்கு ஒண்ணு பண்ணலாங்ணா. பேப்பரைத் தூக்கிட்டுத் துணி பில்டர் போடறேன். காத்து தாராளமாப் போகும். கழுவிக் கழுவிப் போட்டுக்கலாம்" என்றான். ஆர்டர் கொடுத்தாயிற்று.

நல்ல மெக்கானிக்தான், காதுதான் போதாது. எஞ்சின் நடுவில் நின்றே காலம் தள்ளுகிறவனுக்குக் காது எப்படி இருக்கும்?

ஜூன் 18, ஞாயிறு

துணி பில்டர் வந்துவிட்டது. பஞ்சுத் துணியை மடித்து மடித்துத் தைத்து, லேசாக எண்ணெய் பூசியிருக்கிறார்கள். அந்த எண்ணெயில்தான் தூசி ஒட்டுமாம். எண்ணெய் அதிகமாகப் பூசினால் பறந்துபோய் சென்சாரில் படியும் என்று ஜாபர் மூன்று தடவை எச்சரித்தான். டப்பா பழையதுதான். மாட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

வளர்மதியைக் கூட்டிக்கொண்டு அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். மூன்றாம் கியரில் கால் வைத்ததும் கிளம்புகிறது. முன்பைவிட ஒரு நூல் அதிகம், அதுவும் என் ஆசையாக இருக்கலாம். விசில் இல்லை.

திரும்பி வரும்போது வளர்மதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஏதோ கேட்டாள். மழை வரும்போல என்றோ என்னவோ. "ஆமா" என்றேன். அப்புறம் வீடு வரைக்கும் அவள் பேசவே இல்லை. சாப்பாட்டுத் தட்டையும் சத்தமில்லாமல் வைத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

ஜூன் 20, செவ்வாய்

இன்னும் பேசவில்லை. கார்ச் செலவு காரணமாக இருக்கலாம்.

ஜூன் 25, ஞாயிறு

இன்று பெரிய வேலை. பழைய டப்பாவையே கழற்றிவிட்டோம். அதற்குப் பதில் அலுமினியக் குழாய், அதன் முனையில் கூம்பு வடிவத்தில் திறந்த பில்டர். பானெட்டைத் திறந்தால் சிவப்பாகத் தெரிகிறது, பார்க்கவே அழகு. ஜாபருக்கு மனசில்லை.

"அண்ணா, தெறந்த பில்டரு எஞ்சின் சூட்டைத்தான் இழுக்கும். சூட்டுக் காத்துல பவர் ஏறாது, எறங்கும். சத்தமும் ஊரைக் கூட்டுமுங்க. வீட்டுல அக்கா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"நீ மாட்டு."

மாட்டினான். ஸ்டார்ட் செய்து ஒரு மிதி மிதித்தேன். அடிவயிற்றில் இருந்து உறுமுகிறது! கும்மென்று ஒரு சத்தம், ஸ்டியரிங் வழியாகக் கைக்கே வருகிறது. பட்டறைப் பையன்கள் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்போதைய பையன்கள் பூஞ்சை உடம்பு.

இடையர்பாளையத்தில் எங்கள் வீதிக்குள் திரும்பியதும் வளர்மதி வாசலுக்கு வந்துவிட்டாள். கிட்ட வந்து, முகத்துக்கு நேராகக் கத்தினாள்.

"ஏனுங்க, ரெண்டு வீதிக்கு அந்தப் பக்கம் இருந்தே விசிலடிச்சுட்டு வர்றீங்க! ஊரே எட்டிப் பாக்குது!"

அவளுக்கு உறுமலுக்கும் விசிலுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் பேசினாளே, அதுவே போதும்.

எதிர்வீட்டில் ஜன்னலை எல்லாம் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஆனி மாதக் காற்று அப்படித்தான் அடிக்கிறது.

ஜூலை 2, ஞாயிறு

ஜாபர் சொன்னது சரி. வடகோவை மேம்பால நெரிசலில் பத்து நிமிடம் நின்று கிளம்பினால் வண்டி இரண்டு பேரைச் சுமந்த கழுதையாக நகர்கிறது. சூட்டுக் காற்றை இழுக்கிறது.

இன்று நாள் முழுக்க அதே வேலை. கம்பெனியில் கழித்துப்போட்ட அலுமினியத் தகடு வாங்கி வந்தேன். முதலில் அட்டையில் அளவு வெட்டி, பானெட்டுக்குள் வைத்துப் பார்த்து, நான்கு தடவை திருத்தி, பிறகு தகட்டை மடித்தேன். பில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தடுப்பு. ஓரத்தில் ரப்பர் பட்டை. முன் பம்பரில் இருந்து ஒரு ரப்பர் ஹோஸ் இழுத்து நேராகப் பில்டர் முன்னால் விட்டேன். வண்டி ஓட ஓட வெளிக்காற்று குளிர்ச்சியாக அங்கேயே வந்து விழும். உள்ளங்கையில் இரண்டு இடத்தில் தகடு கீறிவிட்டது. வளர்மதி மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

சாயங்காலம் மாங்கரை மேட்டில் ஏறிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், அருமை! முன்பு இரண்டாம் கியருக்குக் கெஞ்சிய வளைவில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனாலும் மேலே போய் வண்டியை நிறுத்திவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை ஒரு காலால் மிதித்து மிதித்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

விசில் மட்டும் இல்லை. இனி டர்போவையே மாற்ற வேண்டும்.

ஜூலை 5, புதன்

தாராபுரம் பக்கம் டீலரிடம் இருந்து மூன்று பம்பு திரும்பி வந்திருக்கிறது. பேரிங் கத்துகிறதாம். ஒன்று ஒரு வெங்காயக் காட்டுக்காரரிடம் மூன்றாம் நாளே இறுகி நின்றுவிட்டதாம். இரண்டு நாள் தண்ணீர் பாயவில்லை என்று மனிதர் டீலர் கடை வாசலில் பம்பை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றும் நான் புள்ளி வைத்தவை. மேனேஜர் மோகனரங்கம் மீதி இரண்டையும் என் பெஞ்சில் ஏற்றி ஓட்டச் சொன்னார். குச்சியை வைத்துக் கேட்டேன். அழுத்தி அழுத்திக் கேட்டேன். இரண்டும் சுத்தம்.

"கீச்சு கீச்சுனு கத்துதுங்களே சார்" என்றார் மேனேஜர்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே."

"யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் தட்டியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பம்பு ஓட்டத் தெரியாதவர்கள் பேரிங்கைக் குறை சொல்கிறார்கள்.

காதோரம் குச்சி அழுத்தி அழுத்தி ஒரு காய்ப்பு விழுந்திருக்கிறது. தொட்டால் வலிக்கிறது.

ஜூலை 6, வியாழன்

திரும்பி வந்த மூன்று பம்பிலும் என் புள்ளி இருக்கிறது. பக்கத்தில் அந்தக் கடுகுப் புள்ளி இல்லை.

குடோனுக்குப் போய் எல்லாப் பெட்டியையும் பார்த்தேன். ஜூன் 27, 28, 29 மூன்று நாள் சரக்கில் மட்டும் ஒற்றைப் புள்ளி. மற்ற நாள் சரக்கு எல்லாவற்றிலும் இரண்டு.

அந்த மூன்று நாளும் ரோஸ்லின் லீவு. வேளாங்கண்ணி போயிருந்தாள்.

ஜூலை 9, ஞாயிறு

காரை எடுக்கவில்லை.

ஜூலை 10, திங்கள்

டீ நேரத்தில் ரோஸ்லினைக் குடோனுக்குக் கூப்பிட்டேன். கடுகுப் புள்ளியைக் காட்டி, "இது என்ன?" என்றேன்.

அவள் பிரஷ் கதையைச் சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். என் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். யோசித்துப் பார்த்தால் இவள் ஆறு மாதமாகவே என்னிடம் இப்படித்தான் நின்று பேசுகிறாள்.

"நீங்க பாஸ் பண்ணினதை நான் திரும்பக் கேட்டேனுங் சார். பொங்கல்ல இருந்து."

"உனக்கெப்படிக் கேக்கத் தெரியும்?"

"இருவது வருசம் உங்க பக்கத்துல நிக்கறனுங்களே. எது கத்துது, எது கத்தலேன்னு தெரியாமயா போகும்? கத்துறதைத் தனியா எடுத்து வெச்சு, பேக்கிங்ல அடிபட்டுதுன்னு சீட்டு எழுதி, பேரிங் மாத்த அனுப்பிருவேன்."

"நாளைக்கு எத்தனை?"

"மொதல்ல ஒண்ணு ரெண்டு." கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் ஒரே நாள்ல ஒம்பது."

ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே ரோஸ்லின்."

"ரெண்டு தடவை வந்தேனுங் சார். ரெண்டு தடவையும் நீங்க குச்சியைக் காதுல வெச்சுக் கண்ணை மூடிட்டு நின்னீங்க. அதைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வாய் வரலீங்."

அவளைச் சத்தம் போட்ட அந்த ஜூன் எட்டாம் தேதி ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ ஆறுகிறது என்றாள்.

நான் கேட்காமல் விட்ட ஒரு பேரிங்கால் எவரோ ஒருவர் காட்டில் வெங்காயம் வாடியிருக்கிறது. வண்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஜூலை 12, புதன்

காது ஆஸ்பத்திரி. வளர்மதியிடம் சொல்லாமல் போனேன்.

சின்னக் கண்ணாடி அறை. காதில் ஹெட்போன், கையில் பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். ஆரம்பத்தில் சங்கு ஊதுகிற மாதிரி தடித்த சத்தங்கள் வந்தன, டக் டக்கென்று அமுக்கினேன். பிறகு ஒன்றுமே வரவில்லை. மிஷின் நின்றுவிட்டதோ என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணோ எதையோ திருகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கதவைத் திறந்தேன்.

"மீதிய எப்பம்மா ஆரம்பிப்பீங்க?"

"முடிஞ்சுதுங்க சார்" என்றாள்.

டாக்டர் கோடு போட்ட தாளைக் காட்டினார். இடது பக்கம் நேராகப் போகிற கோடு, நடுவில் இருந்து ஆனைகட்டி மலை இறக்கம் மாதிரி கீழே விழுகிறது. தடித்த சத்தம் எல்லாம் கேட்கும். மெல்லிசான சத்தம் போய்விட்டது: விசில், பேரிங் கீச்சு, குருவி, பொம்பளைகள் தணிந்த குரலில் பேசுகிற பேச்சில் பாதி. இருபத்தேழு வருடம் ஓடுகிற பம்புகளுக்கு நடுவில் நின்றதன் பலன். போனது திரும்பாது. காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டால் மீதியை வைத்துச் சமாளிக்கலாம் என்றார்.

பார்க்கிங்கில் காருக்குள் கொஞ்ச நேரம் அழுதேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

கூடம் நேராகத்தான் இருந்திருக்கிறது.

ஜூலை 13, வியாழன்

மேனேஜரிடம் நானே போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்தம்மா எங்கிட்டயாவது அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சொல்லியிருந்தா நான் ஒத்துக்கிட்டிருக்க மாட்டேனுங்க. அந்தம்மாவைத்தான் வேலைய விட்டுத் தூக்கச் சொல்லியிருப்பேன்."

அவர் சிரித்தார். வரும் திங்களில் இருந்து ரோஸ்லின் டெஸ்ட் பெஞ்சில். நான் பிரஷர் டெஸ்டில். அங்கே மீட்டர் முள்ளைக் கண்ணால் பார்த்தால் போதும். சம்பளத்தில் மாற்றமில்லை.

என் தேக்குக் குச்சியை ரோஸ்லினிடம் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "நீளம் சாஸ்திங் சார், எனக்குக் குனிய முடியல" என்று சொல்லி, பக்கத்தில் இருந்த ரம்பத்தை எடுத்து இரண்டு அங்குலம் அறுத்துவிட்டாள். இருபத்தேழு வருடம் நான் பிடித்த குச்சி. ஆனால் அறுத்த பிறகு அவளுக்கு அளவாகத்தான் இருந்தது.

ஜூலை 14, வெள்ளி

வளர்மதியிடம் தாளைக் காட்டினேன். நெடுநேரம் அதையே பார்த்தாள். "அப்ப நீங்க வேணும்னே இல்லியா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

ஜூலை 23, ஞாயிறு

நேற்று மிஷின் வைத்தார்கள், இரண்டு காதுக்கும். உலகம் இவ்வளவு சத்தமாகவா இருக்கிறது? டைரித் தாளைப் புரட்டினால் அப்பளம் நொறுங்குகிறது. என் செருப்புச் சத்தத்துக்கு நானே திரும்பிப் பார்க்கிறேன்.

காலையில் காரை ஸ்டார்ட் செய்தேன். வீதி முனை வரைகூடப் போகவில்லை. ரம்பத்தை இரும்பில் வைத்து இழுக்கிற மாதிரி அப்படியொரு அலறல்! நிறுத்திவிட்டு, கையால் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாலு வாரமாக இதைத்தான் இந்த வீதியில் ஓட்டியிருக்கிறேன்.

எதிர்வீட்டில் ஒன்றரை மாதக் குழந்தை இருக்கிறது. அதன் அம்மாவிடம் போய், ஜன்னலை இனித் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். "பரவால்லீங்க அங்கிள்" என்றாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிணுங்கியது. அது எனக்குக் கேட்டது.

ஜூலை 30, ஞாயிறு

ஜாபரே வீட்டுக்கு வந்தான். கூம்பைக் கழற்றிப் பழைய டப்பாவை மாட்டினோம். உள்ளே துணி பில்டரே இருக்கட்டும் என்றான். பம்பரில் இருந்து வருகிற ஹோஸை டப்பா வாயில் பொருத்திக் கொடுத்தான். என் காதுக்குப் பின்னால் இருந்த மிஷினைப் பார்த்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிவப்புக் கூம்பை மட்டும், தேவைப்படுகிற பையனிடம் கொடுத்துவிடுகிறேன் என்று எடுத்துப்போனான்.

சாயங்காலம் வளர்மதியும் நானும் ஆனைகட்டி ரோட்டில் போனோம். கணுவாய் தாண்டியதும் காருக்குள் ஒரு பேச்சுச் சத்தம். ரேடியோ போடவில்லை. வளர்மதிதான். ஜன்னல் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இந்த வீட்டுக்குப் புதுசா கேட் போட்டுட்டாங்க... செங்கச் சூளைய மூடிட்டாங்களாட்டத் தெரியுது... அட, மயிலு."

"எங்க மயிலு?" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். "கேட்டுதா?"

"கேட்டுது. எத்தனை நாளா இப்படித் தனியாப் பேசிட்டு வர்றே?"

"ரொம்ப நாளாச்சுங்க. பதில் வர்றதில்ல. செரி, நமக்கு நாமே பேசிக்குவோம்னு."

மாங்கரை செக்போஸ்ட் தாண்டி மேடு ஆரம்பித்தது. அவிநாசி ரோட்டில் அன்றைக்கு என்ன கேட்டாய் என்றேன். முதலில் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு சொன்னாள்.

"என்னோட வர்றதே உங்களுக்குச் சலிச்சுப் போச்சான்னு கேட்டேன். நீங்க ஆமான்னீங்க."

வண்டியை ஓரம் கட்டினேன். நாற்பது நாளுக்கு மேல் இவள் அந்த ஆமாவை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், கையில் மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறாள்.

"இப்பக் கேளு" என்றேன்.

"போங்க. கேட்டா அழுதுருவேன்."

மறுபடி கிளப்பினேன். முதல் வளைவு, இரண்டாம் கியர். விசில் வந்தது. ஊசி முனை போல, அதே இடத்தில். இத்தனை நாளும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நான் ஆக்ஸிலேட்டரை லேசாக விட்டேன், விசில் அடங்கியது. அவள் குரலுக்கு இடம் வேண்டுமே.

அடுத்த வளைவில், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு, அதே தணிந்த குரலில் கேட்டாள்.

"இல்ல" என்றேன்.